சட்டைப்பைக்குள் ஓர் அதட்டல்

என் மாமா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கையில் மைக் இருந்தும் அதை நம்பாமல் கத்துவார். கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகி, அறுவை சிகிச்சை வரை போய்விட்டது. மெதுவாகப் பேசப் பழகிக் காட்டினால்தான் மைக், இல்லாவிட்டால் சாமான் அறை என்று மேலாளர் சொல்லிவிட்டார். அந்தக் கவலையில் மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். எங்கள் அலுவலகத்தில் பேச்சைக் கேட்டு அதை அலசும் மென்பொருள் செய்கிறோம். படித்ததால் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கே சந்தேகம் உண்டு. அதனால் அதை மாமாவின் போனில் ஏற்றினேன். தொண்டையை வருத்திப் பேசினால் சட்டைப்பைக்குள் போன் அதிரும்.

சோதித்துப் பார்க்க, தெருக்கோடிக்குக் கேட்கும்படி அத்தையைக் கூப்பிட்டார் மாமா. போன் அசையவில்லை. "இங்கதானே இருக்கேன், எதுக்கு இந்தக் கத்தல்?" என்று அத்தை மெல்லக் கேட்டபடி வந்தபோது அதிர்ந்தது.

"பாத்தியா, உன்னைத்தான் சொல்லுது" என்றார் மாமா.

அவர் குரல் இணையம் வழியாக எங்கள் அலுவலகக் கணினிக்குப் போய்ப் பதிலோடு திரும்புவதற்குள் அடுத்த ஆள் பேசத் தொடங்கிவிடுகிறார். கத்துவது மாமா, அதட்டல் அத்தைக்கு.

மென்பொருள் முழுவதையும் போனுக்குள்ளேயே ஓடவிட்டேன். சட்டைப்பை சுட்டது.

"தொண்டைக்கு வைத்தியம் பண்ணச் சொன்னா நெஞ்சுக்கு ஒத்தடம் குடுக்கறியே, மாப்ள."

போனின் சுமை குறைய மென்பொருளில் எதையாவது கழிக்க வேண்டும். எல்லாம் நான் பாடுபட்டுச் சேர்த்தவை. மனசு வரவில்லை. "கோபம், சோகம், சலிப்பு எல்லாத்தையும் இது கண்டுபிடிக்கும், அத்தை. எதை விடறது?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். அது தொண்டையை மட்டும் பாக்கட்டும்."

எனக்கு ஏன் இது தோன்றவில்லை? மற்றதையெல்லாம் கழித்தேன். மிச்சமிருந்ததில், மென்பொருள் கணக்குப் போடும் எண்களின் தசம இடங்களையும் நறுக்கினேன். போன் சூடாகவில்லை.

மறுநாள் மாமா "ஏய்" என்று ஆரம்பித்தார். சொல் முடியுமுன் போன் அதிர்ந்தது. அத்தை அதுவரை வாயே திறந்திருக்கவில்லை.

"இப்ப யாரைச் சொல்லுதாம்?" என்றாள் அத்தை.

மாமா அன்று முழுக்கக் கிசுகிசுத்தார்.

மேலாளர் சோதிக்க வந்த நாளில் நானும் போயிருந்தேன். முதல் சொல்லிலேயே சட்டைப்பை அதிர்ந்தது. மாமா குரலைத் தணித்தார். மைக் தன் வேலையைச் செய்தது. பயணிகள் அவரவர் பேருந்துக்கு நடந்தார்கள்.

"இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் எந்த பஸ்ஸுன்னு புரிஞ்சுது. சாமான் அறை வேண்டாம், இங்கயே உக்காருங்க" என்றார் மேலாளர்.

மாமாவுக்குச் சுருக்கென்றது. "என்ன சார்..." என்று குரலை உயர்த்தினார். சட்டைப்பை அதிர்ந்தது.

"...ரொம்ப நன்றி" என்று மெதுவாக முடித்தார்.