மாமாவின் இடப்பக்கம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோதுதான் எங்கள் பக்கத்தில் முதன்முதலாகப் பந்து விளையாடுவதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். கல்லடியில் வாவியோரம் சும்மா கிடந்த நெற்களஞ்சியம் ஒன்றுக்குள் பச்சைத் தரை விரித்து, விளக்குகள் பூட்டி, உள்ளக உதைபந்தாட்ட அரங்காக மாற்றியிருந்தார்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். முதல் பருவம் என்பதால் எல்லாப் போட்டிகளும் அந்த ஒரே அரங்கில், சனிக்கிழமைப் பின்னேரங்களில் நடந்தன. எங்கள் ஊர் அணியின் கோல் காப்பாளர் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி.

அதற்கு முன் மாமா ஆரையம்பதியில் ஒரு மோட்டார் சைக்கிள் கராச்சில் வேலை செய்தார். பின்னேரமானால் கடற்கரை மணலில் விழுந்து புரண்டு பந்து பிடிப்பார். இதனால் என்ன பிரயோசனம் என்று கேட்டுக்கொண்டிருந்த ஊர், சந்தியில் அவர் படம் போட்ட பதாகை தொங்கியதும் வாயை மூடிக்கொண்டது. அந்தப் படத்தில் மாமா கைகளைக் கட்டிக்கொண்டு, யாரையோ அடிக்கப் போகிறவர் போல முறைத்துக்கொண்டு நின்றார். வீட்டில் கரப்பான் பூச்சியைக் கண்டால் கட்டிலில் ஏறுகிற மனிதர் அவர்.

அப்பா கத்தாரில் இருந்ததால் மாமா எங்களோடுதான் இருந்தார். பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் நானும் அடம்பிடித்துப் பைக்கில் ஏறிக்கொள்வேன். பருவம் தொடங்க ஒரு கிழமை இருக்கையில், பயிற்சியில் ஒரு பந்து மாமாவின் இடது கண்ணில் பட்டது. ஐஸ் வைத்தார்கள், சிரித்தார்கள், மறந்துவிட்டார்கள்.

நாலைந்து நாள் கழித்து, காத்தான்குடிப் பிரதான வீதியால் போய்க்கொண்டிருந்தோம். இடப்பக்க ஒழுங்கையிலிருந்து ஒரு ஆட்டோ வெளியே வந்தது. அது வருவதை நான் முதலிலேயே கண்டேன். மாமாவும் கண்டிருப்பார் என்று நினைத்தேன். ஆனால் பைக் வேகம் குறையவில்லை. நான் கத்திய கத்தலில்தான் மாமா பிரேக்கை அழுத்தினார். ஆட்டோவின் முன்சில்லு என் காலுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. ஆட்டோக்காரர் ஏசிவிட்டுப் போனார். மாமா பைக்கை வீதி நடுவிலிருந்த பேரீச்சை மரத்தோரம் நிறுத்திவிட்டு, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு ஆட்டோ போன பக்கம் பார்த்தார்.

"மாமா, கண் தெரியல்லையா?"

"தெரியுது மகள். இந்தப் பக்கம் மட்டும் ஒரு சீலய இழுத்து விட்ட மாதிரி இருக்கு."

"அம்மாட்டச் சொல்லுவமா?"

"ஐயோ, சொல்லிப் போடாத! தெரிஞ்சா என்ன நிப்பாட்டிப் போட்டு வேற ஆளப் போட்டிருவாங்க. இந்தப் பருவம் முடியட்டும். முடிஞ்ச கையோட நானே டொக்டரிட்டப் போறன்."

என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். என்னையும் தன் தலையில் அடித்துச் செய்ய வைத்தார்.

அன்றிலிருந்து பைக்கில் போகும்போது நான் இடப்பக்கத்தை மட்டுமே பார்த்தேன். மாடு வந்தால் அவருடைய இடது தோளில் ஒரு தட்டு. வாகனம் வந்தால் இரண்டு தட்டு. முதல் போட்டிக்கு முதல்நாள், மாமா என்னைக் கோலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், வலைக்கு வெளியே ஒரு இடத்தைக் காட்டினார்.

"இதில இரி. பந்து அந்தப் பக்கத்தால வந்தா 'இடது' எண்டு கத்து. சனமெல்லாம் கத்திற இடம், ஒருத்தருக்கும் விளங்காது."

அப்படித்தான் எங்கள் அணியின் முதல் பருவம் தொடங்கியது. மற்றவர்கள் பார்த்த விளையாட்டை நான் பார்க்கவே இல்லை. யார் அடித்தார்கள், யார் வென்றார்கள் என்பதெல்லாம் பிறகு வீட்டில் கேட்டுத்தான் தெரிந்துகொள்வேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமாவின் இடது தோளுக்கு அப்பால் இருந்த வெளிதான். கண் இமைக்கப் பயம். இமைக்கிற நேரத்துக்குள் பந்து வந்துவிட்டால்? இடைவேளைக்குப் பின் அணிகள் பக்கம் மாறும்போது, நான் சனங்களுக்குப் பின்னால் ஓடி மற்றக் கோலடிக்குப் போய்ச் சேர வேண்டும். ஒருமுறை சோடா வாங்கிக்கொண்டிருந்த ஆள் மீது மோதி அவர் சேட்டெல்லாம் நனைந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினேன்.

நாங்கள் தோற்காமல் போய்க்கொண்டிருந்தோம். சனிக்கிழமை காலைகளில் நான் சோற்றைத் தட்டோடு தள்ளி வைத்தேன். நித்திரையில் 'இடது, இடது' என்று கத்தினேனாம். மாமாவின் புகழால் வீட்டுக்கே கண்ணூறு பட்டுவிட்டது என்று அம்மா முடிவு செய்து, செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து எங்கள் இருவரையும் பக்கத்தில் இருத்திச் சுற்றிப் போட்டார். மாமா கண்ணை மூடிக்கொண்டு பக்தியோடு இருந்தார். எனக்குச் சொல்லிவிடலாம் போலிருந்தது. சத்தியத்தை மீறினால் மாமா செத்துப்போவார் என்ற பயத்தில் வாயை இறுக்கிக்கொண்டேன்.

அரையிறுதியன்று அரங்கு கொள்ளாத சனம். வாகரையிலிருந்தும் கரடியனாற்றிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். முதல் பாதியில் ஒரு கோலும் விடவில்லை. இடைவேளை முடிய விசில் அடித்ததும் ஓடினேன். ஆனால் இந்த முறை வழியே இல்லை. எங்கும் கால்கள். பெரிய பெரிய முதுகுகள். 'விடுங்கோ, விடுங்கோ' என்று தள்ளினேன். ஒருவர் என்னைத் தொலைந்துபோன பிள்ளை என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆர்ர புள்ள நீ?" என்று விசாரிக்கத் தொடங்கினார். அவர் கையைக் கடித்துவிட்டு ஓடினேன். இரண்டு ஆட்களுக்கு நடுவில் தலையை விட்டுப் பார்த்தபோது கோலும் மாமாவும் தெரிந்தார்கள். மாமா பந்தைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, வலைக்குப் பின்னால் நான் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது பந்து பட்ட சத்தம்தான்.

மாமா முழங்காலில் விழுந்து, வலது கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார். பயிற்றுநர் ஓடி வந்து அவருடைய முகத்தை நிமிர்த்தினார்.

"ஒண்டுமில்ல தம்பி. மற்றக் கண்ணத் திறந்து பார்."

மாமா மற்றக் கண்ணைத் திறந்தார். பிறகு ஒரு கையைக் காற்றில் நீட்டித் துழாவினார்.

"மகள்... எங்க நிக்கிறாய்?"

எப்படி வலைவரை வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. வலையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "அந்தக் கண் தெரியாது! அது கனநாளாத் தெரியாது!" சத்தியத்தை மீறிவிட்டேன், இனி மாமா செத்துவிடுவார் என்று நினைத்து அங்கேயே சிறுநீர் கழித்துவிட்டேன்.

மாமா சாகவில்லை. இரண்டாம் நாள் வலது கண் வீக்கம் வற்றிப் பார்வை வந்துவிட்டது. ஆசுபத்திரி நடையில் வைத்து டொக்டர் அம்மாவிடம் மெதுவாகப் பேசினார்.

"வலது கண் தப்பிட்டுது. மற்றதில விழித்திரை கழண்டு கனநாள். அடிபட்ட முதல் கிழமையே கொண்டு வந்திருந்தா காப்பாற்றப் பார்த்திருக்கலாம். ஏன் இவ்வளவு பிந்தினது? வீட்டில ஒருத்தருக்கும் தெரியாதா?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒருத்தருக்கும் தெரியாது டொக்டர்," என்றார் அம்மா.

சின்னத் தப்புக்கும் கரண்டியைத் தூக்குகிற அம்மா பொய் சொல்வதை நான் அன்றுதான் கேட்டேன். உள்ளே மாமா இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்தார். என் கையைத் தேடிப் பிடித்து, "நீ இல்லாட்டி நான் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டன்," என்றார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது! நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். அம்மா சட்டென்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன்பிறகு எத்தனையோ நாள் ஏச்சுக்காகக் காத்திருந்தேன். அம்மா ஏசவே இல்லை. அதனால் நான் செய்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன், அந்தப் பருவம் முழுக்க மாமாவுக்குக் கண்ணாக இருந்தது நான்தான் என்று.