கென்டில் மேப்பிள் சிரப் தேடிய ஞாயிறு

அன்று காரில் இருந்தது அத்தானும் நானும் மட்டும். அக்கா வரவில்லை. லண்டன் குட்மேய்ஸில் அவளும் அத்தானும் நடத்தும் காலைச் சாப்பாட்டுக் கடையில், வாரத்திலேயே அதிகக் கூட்டம் வரும் நாளில், வேலைக்கு நிற்கும் ஒரு பெண்ணை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு சமாளித்துக்கொண்டிருந்தாள். அப்பாவிடமும் அம்மாவிடமும் எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்குப் பதில் நான்தான்.

கடை திறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்காக அத்தான் பதினொரு வருடம் பெட்ரோல் ஷெட்டில் ஷிப்ட் ஷிப்டாக நின்றவர். மெனு எழுதும் வேலையை என்னிடம் தந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பத்து வயதிலிருந்து வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதம் எல்லாம் என் கையில்தான் முடியும். நான் எழுதியதை யாரும் திருப்பி வாசிப்பதில்லை.

முட்டைப் பெட்டியில் பக்கத்து மாவட்டமான கென்டின் பெயர் அச்சடித்திருந்தது. ‘கென்ட் பண்ணை முட்டை’ என்று எழுதினேன். அது உண்மை. அடுத்தது பான்கேக். அதன்மேல் ஊற்றும் மேப்பிள் மரப்பாகுக்கு, கீழே ‘மேப்பிள் சிரப்’ என்று மட்டும் போட்டபோது வரி குட்டையாகத் தெரிந்தது. ‘கென்டில் காய்ச்சிய மேப்பிள் சிரப்’ என்று நீட்டினேன். சமையலறையில் இருந்ததோ மொத்தக் கடையில் வாங்கிய நாலு லீட்டர் கான். அதன் முகப்பில் சிவப்பு இலையும் கனடா என்ற எழுத்தும்.

வெள்ளிக்கிழமை உள்ளூராட்சிக் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. வாடிக்கையாளர் ஒருவர் முறைப்பாடு செய்திருக்கிறார். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அதிகாரி வருவார். சிரப் வாங்கிய ரசீதுகளை எடுத்து வைக்கவும். பொய் விளம்பரம் என்று வழக்கானால் கடையின் பெயர் கெட்டுவிடும். அந்தக் கடிதத்தையும் நானே மொழிபெயர்த்துச் சொன்னேன்.

“அங்கை உண்மையாவே ஆரும் காய்ச்சினமோ?” என்று காரை ஓட்டியபடி அத்தான் கேட்டார்.

“தெரியாது அத்தான்.”

“தெரியாமலோ எழுதினனி?”

டார்ட்போர்ட் பாலம் தாண்டிக் கென்டுக்குள் நுழைந்தோம்.

முதல் பண்ணைக் கடையில் தேன் இருந்தது, அப்பிள் சாறு இருந்தது, பதினைந்து வகை ஜாம் இருந்தது. மேப்பிள் சிரப் போத்தலைத் திருப்பினால் பின்னால் கனடா. இரண்டாவது கடையிலும் கனடாதான். அங்கே நின்ற பையன், இங்கே யாரும் மேப்பிள் காய்ச்சுவதில்லை என்று சிரித்தான். மூன்றாவது கடை பூட்டியிருந்தது. அக்கா போனில் கூப்பிட்டாள்.

“கிடைச்சுதோ?”

“இன்னும் இல்லை அக்கா.”

“இஞ்சை ஒருத்தர் சிரப் எந்தப் பண்ணையெண்டு கேட்டவர். எனக்கு விளங்காத மாதிரி உள்ளை போயிட்டன். எத்தினை பேருக்கு இப்பிடி விளங்காமல் நிக்கிறது? கெதியா வாங்கோ.”

நாலாவது கடையில் காசு வாங்கிய கிழவர்தான் சொன்னார்: மேட்டுக்கு அப்பால் ஒரு பெண் சிக்கமோர் மரத்தில் துளை போட்டு, வடியும் நீரைச் சிரப்பாகக் காய்ச்சுகிறாள். காரில் ஏறியதும் போனில் தேடினேன். சிக்கமோர் மேப்பிள் இனம்தான்.

“அத்தான், அதுவும் மேப்பிள் மாதிரித்தான். ஒரே குடும்பம்.”

“ஒண்டுவிட்ட சொந்தமெண்டாலும் சொந்தம்தானே,” என்றார். அன்று முதல் தடவையாக அவர் முகம் தளர்ந்தது.

மரங்களில் நீல வாளிகள் தொங்கின. தகரக் கொட்டகைக்குள் அகலமான தட்டில் நீர் கொதித்து, ஆவி கூரை முட்டியது. சேற்றுச் சப்பாத்துடன் வந்த அந்தப் பெண், ஐம்பது லீட்டர் காய்ச்சினால் ஒரு லீட்டர் தேறுவதே கஷ்டம் என்றாள். இந்த வருடம் இதுவரை ஒன்பது சின்னப் போத்தல். ஒன்று பதினெட்டுப் பவுண்ட். இரண்டு வாங்கினோம். அவள் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தாள்.

அப்போதுதான் அதைச் செய்தேன். என்னுடைய மிக நல்ல ஆங்கிலத்தில், மிகப் பணிவாக, திகதியை, கவுன்சில் கடிதத்துக்கு முந்தியதாக, ஜனவரி என்று போட முடியுமா என்று கேட்டேன்.

அவள் பேனா நின்றது. கோபப்படவில்லை. “ஜனவரி என்று எழுதினால் பார்க்கிறவர் சிரிப்பார். என் மரங்களில் நீர் வடியத் தொடங்கியே இரண்டு வாரம்தான்,” என்றாள்.

அத்தானுக்கு ஜனவரி என்ற சொல் மட்டும் பிடிபட்டிருந்தது. “என்ன கேட்டனி?”

சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் வாளிகளைப் பார்த்தார்.

“மரத்தையும் பொய்ச்சாட்சிக்குக் கூப்பிடுறியே? அது கூட வரமாட்டனெண்டிட்டுது. இண்டைய திகதியைப் போடச் சொல்லு.”

திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டேன். அதிகாரி சரியாகப் பதினொன்றுக்கு வந்து, மூலை மேசையில் அமர்ந்து, ரசீது கேட்டார். நேற்றைய ரசீது என் சட்டைப் பையில் இருந்தது. அங்கேயே இருந்தது. நான் உள்ளே போய் நாலு லீட்டர் கானைத் தூக்கி வந்து மேசையில் வைத்தேன். இதைத்தான் ஊற்றுகிறோம், மெனு எழுதியது நான், இவர்கள் இருவரும் அதை வாசிக்கவில்லை என்றேன். அக்கா கல்லாவில் ஒரு துணியால் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் கானைப் படம் எடுத்தார். வாசிக்காதது சட்டத்துக்குச் சாக்கு ஆகாது என்றார். கொஞ்ச நேரம் எழுதினார். கடைசியில், எழுத்தில் எச்சரிக்கை. மறுபடி நடந்தால் வழக்கு. பழைய மெனு எல்லாம் தான் போகுமுன் மேசைகளை விட்டு எடுக்கப்பட வேண்டும். நானே மேசை மேசையாகப் போய்ச் சேர்த்தேன்.

அவர் போனபின் அக்கா கென்ட் போத்தலைத் திறந்து விரலில் தொட்டு நக்கினாள்.

“சுட்ட சீனி மாதிரிக் கிடக்கு. இதுக்கோ இந்தப் பாடு?” பிறகு என்னிடம், “இனி அச்சுக்குக் குடுக்க முதல் ஒவ்வொரு வரியும் எனக்குத் தமிழிலை சொல்லு. நானும் கேள்வி கேப்பன்.”

புது மெனுவில் ‘மேப்பிள் சிரப், கனடா’ என்று இருக்கிறது. வரி குட்டைதான். அதை அச்சடிக்க நூற்று நாற்பத்தாறு, அதே வரி எழுதியிருந்த வாசல் பலகையைத் திருத்த எழுபது, கென்டுக்குப் போய்வந்த பெட்ரோல் இருபத்து நாலு, அந்த இரண்டு போத்தல் முப்பத்தாறு. எல்லாமாக இருநூற்று எழுபத்தாறு பவுண்ட்.