டிரைவர் பெரிசா, கண்டக்டர் பெரிசா

இருபத்தாறு வருஷம் ஒரே தடத்தில் பஸ் ஓட்டிய டிரைவர் ஒருவர் இருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். ஸ்டீயரிங்கைப் பிடித்த கை அல்லவா, அப்படித்தான் இருக்கும். அவருக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. இடது கால்தானே கிளட்ச் மிதிக்கிற கால்! நாலு மாதத்துக்கு பஸ் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதல் வாரம் ஜன்னலோரம் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்தார். இரண்டாம் வாரம் தெருவில் போகிறவர்களைத் திட்ட ஆரம்பித்தார். "கையைக் காட்டாம திரும்புறாங்க பாரு, இவங்களுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் கொடுத்தா?" என்று அவர் கத்தியது காய்கறிப் பையோடு நடந்துபோன ஒரு அம்மாவைப் பார்த்து. மூன்றாம் வாரம் மனைவி சமையலறையிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் ஹாரன் அடித்தார், வாயால்.

மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "ஏங்க, கம்ப்யூட்டர்ல பஸ் ஓட்டுற விளையாட்டு இருக்காம். ஒண்ணு வாங்கி வச்சு ஓட்டுங்க. என்னை விட்டுடுங்க."

கேட்டதும் டிரைவருக்கு முகம் மலர்ந்தது. காரணம் வேறு. டிப்போவில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஜோடி எழுதுவார்கள், எந்த டிரைவரோடு எந்தக் கண்டக்டர் என்று. கண்டக்டர் யார் பேரைக் கொடுக்கிறாரோ அவர்தான் ஜோடி. பதினெட்டு வருஷமாக இவரோடு போன கண்டக்டர் இப்போது ஒரு புது டிரைவரோடு போய்க்கொண்டிருந்தார். ஜோடி எழுதும் வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டே வாரம். அண்ணன் கை துருப்பிடித்துப் போச்சு என்று நினைத்து, கண்டக்டர் புது ஆள் பேரைக் கொடுத்துவிட்டால்? இதை வாய்விட்டுக் கேட்பாரா அவர்? தலைகீழாக நின்றாலும் கேட்கமாட்டார். "கம்ப்யூட்டர் வாங்கணும், கூட வா" என்று மட்டும் கண்டக்டருக்குப் போன் செய்தார்.

இரண்டு பேரும் போன கடையில் ஒரு பெண் இருந்தாள். கொண்டையில் ஊசிக்குப் பதில் ஸ்க்ரூடிரைவரைச் செருகியிருந்தாள்.

"என்ன வேலைக்கு சார் கம்ப்யூட்டர்?"

"பஸ் ஓட்ட" என்றார் டிரைவர்.

அவள் சிரிக்கவில்லை. கெட்டிக்காரி. "அப்ப ரெண்டு சாமான் முக்கியம் சார். எதிர்ல எத்தனை வண்டி வருது, எவன் எங்க ஏறுறான், பிரேக் போட்டா எங்க போய் நிக்கும், இதையெல்லாம் யோசிக்கிறது பிராசஸர். அதைப் படமா வரைஞ்சு திரையில காட்டுறது கிராபிக்ஸ் கார்டு."

"புரியிற மாதிரி சொல்லும்மா."

அவள் கண்டக்டரின் தோள்பையைப் பார்த்தாள், கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்தாள், பிறகு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். "பிராசஸர்தான் டிரைவர்னு வச்சுக்குங்க. கார்டு கண்டக்டர்."

"ரெண்டுல எது பெரிசா இருக்கணும்?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"உங்க கையில இருக்கிற பணத்துக்கு ரெண்டையும் நடுத்தரமா எடுக்கலாம். இல்ல, ஒண்ணைப் பெரிசா எடுத்து இன்னொண்ணைச் சின்னதா..."

"டிரைவரைப் பெரிசாப் போடு" என்றார் டிரைவர்.

"ஏன்? கண்டக்டர்னா கிள்ளுக்கீரையா?" என்றார் கண்டக்டர்.

"யோவ், இது கம்ப்யூட்டர் விஷயம்யா."

"எந்த விஷயமா இருந்தா என்னண்ணே? நான் ரெண்டு விசில் அடிக்காம நீங்க ஒரு அடி நகர்ந்திருக்கீங்களா, இந்தப் பதினெட்டு வருஷத்துல?"

"நீ அடிச்சாலும் போவேன், அடிக்காட்டியும் போவேன். விசில் சும்மா ஒரு சம்பிரதாயம்!"

மேலே சுற்றிய மின்விசிறிகூடக் கொஞ்சம் தயங்கியதாக அந்தப் பெண் பிற்பாடு சொன்னாள். கண்டக்டர் விசிலை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். "அப்படியாண்ணே. நல்லது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாரையும் "பாத்து, பாத்து" என்று சொல்கிறவர், அன்றைக்குத் தானே தடுக்கிக்கொண்டு போனார்.

டிரைவர் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கடையிலேயே பெரிய பிராசஸரையும், இருப்பதிலேயே சின்ன கார்டையும் வைத்து ஒரு கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வேகத்துக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று என்று இரண்டே மிதிகள் வைத்த ஸ்டீயரிங்கும் வாங்கினார். இடது காலுக்கு வேலையே இல்லை, டாக்டரும் ஒன்றும் சொல்ல முடியாது.

ஓட்டிப் பார்த்தால், ஐயோ, அது என்ன கூத்து! சாலை தவளை மாதிரி குதித்துக் குதித்து வந்தது. மரத்தைத் தாண்டிப் போன பிறகு மரம் வந்தது. ஸ்டாப்பில் நின்றவர்களுக்கு மூக்கு முழி ஒன்றும் இல்லை, தேய்ந்த சோப்புக்கட்டிகள் வரிசையில் நிற்கிற மாதிரி இருந்தது.

போனில் கடைக்காரப் பெண் சொன்னாள்: "அன்னிக்கே சொல்ல வந்தேன் சார். உங்க பிராசஸர் எல்லாத்தையும் யோசிச்சு முடிச்சுட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கு. பாவம், கார்டு ஒண்டியா வரைஞ்சு தள்ள முடியாம திணறுது. நல்ல கண்டக்டரைப் போடுங்க, டிரைவரைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க. மாத்தித் தர்றேன்."

இரண்டு நாள் பிடிவாதமாகக் குதிக்கிற சாலையிலேயே ஓட்டினார். மூன்றாம் நாள் தலை சுற்றி வாந்தி வந்தது. அதற்குப் பிறகுதான் சம்மதித்தார். அந்தப் பெண் வந்து பெரிய பிராசஸரைக் கழற்றி நடுத்தரமான ஒன்றை வைத்தாள். சின்ன கார்டை எடுத்துவிட்டு, இரண்டு விசிறி வைத்த கனமான கார்டைச் சொருகினாள். டிரைவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், தன்னையே யாரோ கழற்றுகிற மாதிரி.

ஆனால் படம் என்னமாய் வந்தது தெரியுமா! கண்ணாடியில் மழைத்துளி வழிந்தது. பக்கக் கண்ணாடியில் பின்னால் வருகிற லாரி தெரிந்தது. ஸ்டாப்பில் நின்ற குடைக்காரனின் சட்டையில் ஒரு பொத்தான் இல்லாததுகூடத் தெரிந்தது. முதல் ஸ்டாப்பில் நிறுத்தினார். சனங்கள் ஏறினார்கள். கதவு மூடியது.

பஸ் நகரவில்லை.

ஐந்து நிமிஷம் ஆனது. திரையில் பயணிகள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பஸ் நின்றது நின்றபடி.

"பாத்தியாம்மா? டிரைவரைக் குறைச்சே, வண்டி நகரமாட்டேங்குது" என்றார். குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

பெண் நாற்காலியில் உட்கார்ந்து மிதித்தாள். பஸ் ஜம்மென்று கிளம்பியது. அடுத்த ஸ்டாப்பில் நிறுத்தி அவரை உட்கார வைத்தாள். நகரவில்லை. எழுப்பினாள், தான் உட்கார்ந்தாள், கிளம்பியது. இப்படியே மூன்று தடவை மாறி மாறி உட்கார்ந்தார்கள்.

"சார், நீங்க மிதிக்கவே இல்லையே?"

"மிதிச்சேனே!"

"ஏங்க" என்று வாசற்படியில் நின்ற மனைவி கேட்டாள், "காதை எதுக்குப் பின்பக்கமாச் சாய்ச்சு வச்சிருக்கீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் சமையலறையில் குக்கர் இரண்டு விசில் விட்டது. டிரைவரின் கால் தானாக மிதித்தது. பஸ் பாய்ந்து கிளம்பியது. மூவரும் திரும்பிச் சமையலறையைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துக் குக்கர் இன்னொரு விசில் விட்டது. ஒற்றை விசில்! அவர் கால் பிரேக்கில் விழுந்தது. நடுச்சாலையில் பஸ் நின்றது. பின்னால் வந்த லாரி மோதியது, திரையில்தான்.

மனைவிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் கடைக்காரப் பெண்ணையும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இனிமே உங்களுக்கு ஜோடி நம்ம குக்கர்தாங்க!"

டிரைவர் சிரிக்கவில்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருஷக் கால். விசில் சம்பிரதாயமாம் என்று வாய் சொன்னது, கால் ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை. போனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"வீட்டுக்கு வா. வரும்போது விசிலை எடுத்துட்டு வா."

"எதுக்கு?"

"பஸ் நகரல."

"டிரைவர் இருக்காருல்ல?"

"இருக்கான். உட்கார்ந்துக்கிட்டே இருக்கான்."

அரை மணி நேரத்தில் கண்டக்டர் தோள்பையோடு வந்து நின்றார். முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். ஆனால் திரையைப் பார்த்ததும் முகம் தானாக இறங்கிவிட்டது. நாற்காலிக்குப் பின்னால் போய் அலமாரிக் கைப்பிடியைக் கம்பி மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார்.

"யோவ்" என்றார் டிரைவர், திரும்பாமலே. "அன்னிக்குக் கடையில சொன்னது தப்புதான்."

கண்டக்டர் இரண்டு விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி நகர்ந்தது. இரண்டு தெரு போனதும் டிரைவர் தொண்டையைச் செருமினார்.

"லிஸ்ட்டுல யார் பேரைக் கொடுக்கப் போறே?"

"வண்டி ஓடும்போது டிரைவரோட பேசக் கூடாதுண்ணே. போர்டே வச்சிருக்கு. ஸ்டாப் வரட்டும்."

அடுத்த ஸ்டாப் வருவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. அத்தனை சிவப்பு விளக்கும் அன்றைக்குத்தான் விழுந்தன. ஒருவழியாக ஒற்றை விசில் வந்தது. நிறுத்தினார்.

"உங்க பேரைத்தான். திங்கக்கிழமையே கொடுத்தாச்சு" என்றார் கண்டக்டர். "அந்தப் புது ஆள் விசிலுக்கு முன்னாடியே கிளம்பிடுறாண்ணே. மூணு தடவை என்னை ரோட்டுல விட்டுட்டுப் போயிட்டான். நேத்து நான் டிக்கெட் எடுத்து அடுத்த பஸ்ல வந்தேன்!"

டிரைவர் பக்கக் கண்ணாடியைப் பார்க்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போலாமா?"

"பொறுங்கண்ணே. குடைக்காரன் இன்னும் ஏறல."

குடைக்காரன் ஒரு காலைப் படியில் வைத்தான். அப்போது சமையலறையில் குக்கர் இரண்டு விசில் விட்டது. பஸ் கிளம்பிவிட்டது. குடைக்காரன் குடையோடு தெருவில் உருண்டான்.

"அண்ணி!" என்று கண்டக்டர் சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினார். "என் வண்டியில நீங்க விசில் அடிக்காதீங்க!"