குரல் நின்றால் கை நிற்கும்

நாற்பத்து மூன்று வயதுப் பெண், கல்யாணம் ஆகிப் பத்தொன்பது வருஷம் ஆனவள், ஹிப் ஹாப் கேட்கிறாள் என்று சொன்னால் நம் ஆட்களுக்கு முதலில் வருவது சிரிப்புதான். சிரித்துவிட்டுப் போங்கள். அதற்கெல்லாம் முகம் வாடுகிற ரகம் இல்லை அவள். தரையிலிருந்து ஐம்பத்தெட்டு மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள். அவ்வளவு தூரம் உங்கள் சிரிப்பு ஏறாது.

பெரிய கட்டடம் எழும்பும் இடத்தில் டவர் கிரேன் ஓட்டுகிறாள். எல்லாருக்கும் மேலே இருப்பதால் மேலக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளைவிட மூத்த மேஸ்திரிகள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷம் கீழே கம்பி கட்டி, கொக்கி மாட்டி, கெஞ்சி, சண்டை போட்டு, பரீட்சை எழுதி அந்த இருக்கையில் போய் உட்கார்ந்தாள். சும்மா வந்த இடம் இல்லை.

இரண்டு வருஷமாக அவளுக்கு ஒரு தொல்லை. ஒன்றுமே நடக்காத நேரத்தில் நெஞ்சு திடீரென்று அடித்துக்கொள்ளும். விரல் நுனி மரத்துப்போகும். தொண்டையை யாரோ பிடித்த மாதிரி இருக்கும். அவ்வளவுதான், இதோ செத்தேன் என்று தோன்றும். சாகவும் மாட்டாள். சில நிமிஷத்தில் வந்தது வந்த வழியே போய்விடும், இவள் வேர்வையில் நனைந்து உட்கார்ந்திருப்பாள். வீட்டில் சாவு விழவில்லை, சண்டை இல்லை, உடம்பில் கோளாறு இல்லை. காரணம் என்று ஒன்று இருந்தாலாவது அதோடு மல்லுக்கு நிற்கலாம். அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

யாருக்கும் தெரியாமல் ஒரு டாக்டரிடம் போனாள். பேனிக் அட்டாக் என்றார், மாத்திரை எழுதினார், வாராவாரம் வந்து பேசிவிட்டுப் போகச் சொன்னார். அந்தச் சீட்டை நாலாக மடித்துப் பையில் கிடந்த ஒரு நோட்டின் பின்னட்டைக்குள் செருகி வைத்தாள். நாலு மாதமாக அது அங்கேதான் இருக்கிறது. ஏன் என்று கேட்பவர்கள் வேலையிடத்து வாசலில் நிற்கும் காவலாளியைப் போய்ப் பாருங்கள். முன்பு அந்தக் கிரேனை ஓட்டியவர் அவர்தான். ஒருநாள் நல்ல மனசோடு, தலை சுற்றுகிறது என்று சொன்னார். இறக்கிவிட்டார்கள். மூன்று வருஷமாக வண்டி நம்பர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஆக, அவளுக்கு இருந்தது பாட்டு ஒன்றுதான். சினிமாக் காதல் பாட்டு அவளை அழ வைத்தது. தாலாட்டு மாதிரி மெல்லிய இசை இன்னும் மோசம், அந்த அமைதியில் நெஞ்சு அடிப்பதுதான் பெரிதாகக் கேட்டது. ஹிப் ஹாப் மட்டும்தான் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஆமா, எனக்கும் அப்படித்தான். இப்ப என்ன?" என்று கேட்டது. கேபினுக்குள் இயர்போன் கூடாது, செல்போனும் கூடாது. அதனால் தாளத்தை மண்டைக்குள் வைத்து ஓட்டினாள். வரிக்கு நாலு தட்டு. பதினாறு வரி முடிய முக்கால் நிமிஷம். நாலு தடவை சொன்னால் மூன்று நிமிஷம், அதற்குள் உச்சம் தாண்டிவிடும். பிறகு அடுத்தவர் வரிகள் போதாமல் சொந்தமாக எழுத ஆரம்பித்தாள். அந்த நோட்டு நிறைந்தது. ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது.

சலூன் வைத்திருக்கும் அவள் கணவர் நல்ல மனுஷர்தான். ஆனால் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. "நாள் பூரா அந்த ஆளுங்க கத்துறதைக் கேட்டா மூஞ்சி வேற எப்படி இருக்கும்? அதை நிறுத்து, எல்லாம் சரியாப் போகும்" என்பார். அட, அந்த மனுஷருக்கு எப்படிப் புரிய வைப்பது? அவள் முயன்று பார்க்கவும் இல்லை.

சம்பவம் நடந்த அன்று காலை பத்தரை மணி. தூக்க வேண்டியது ஒரு படிக்கட்டு. தொழிற்சாலையில் வார்த்து முழுசாக வந்த கான்கிரீட் படிக்கட்டு, மூன்று டன். கட்டடத்துக்கு அந்தப் பக்கம், மாடிப்படிக்கென்று விட்ட, அவள் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழிக்குள் அதை இறக்க வேண்டும். அந்த மாதிரி வேலைக்குக் கண் கைகாட்டிதான். சிக்னல் கொடுக்கும் ஆளுக்கு அங்கே வழங்கும் பெயர் அது. அவளைவிட ஐந்து வயது இளையவன், வாய் ஓயாதவன். நாலாவது மாடியில் குழி ஓரமாக நின்று வாக்கி டாக்கியில் பேசிக்கொண்டே இருப்பான், அவள் கை அவன் பேச்சைக் கேட்டு நகரும். இதில் ஒரே ஒரு சட்டம். அவன் குரல் நின்றால் அவள் கை நிற்க வேண்டும். ஏன், எதற்கு என்று யோசிக்கக் கூடாது.

"இறக்கு, இறக்கு, இறக்கு, வலது ஒரு சாண், அங்கதான், இறக்கு, இறக்கு..."

"சரி" என்று பொத்தானை அழுத்திச் சொல்லிவிட்டு, வாக்கியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி மாட்டினாள். குரல் நின்றது.

அவள் கையும் நின்றது. லீவர் நடுவுக்கு வந்தது, பிரேக் பிடித்தது. ஐந்து விநாடி. பத்து.

"தம்பி, என்ன ஆச்சு? சத்தத்தையே காணோமே?"

பதில் இல்லை. நடந்தது இவ்வளவுதான்: சிமெண்ட் தூசி புகுந்து அவள் வாக்கியின் பொத்தான் உள்ளேயே மாட்டிக்கொண்டது. ஒருவர் பொத்தான் அழுந்தி இருக்கும்வரை அந்த லைனில் வேறு யாரும் பேச முடியாது, அவர் பேசுவது மட்டும் எல்லாருக்கும் கேட்கும். இரண்டு நாளாகவே அது இப்படி அடம்பிடித்தது. தொடையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் சரியாகும். புதுசு கேட்டதற்கு ஸ்டோர்காரர் "இதோ வருது" என்றார், அவர் வாயில் எல்லாமே இதோ வருதுதான். வேறு நாளாக இருந்தால் அவளுக்கே ஞாபகம் வந்திருக்கும். அன்று வரவில்லை. அன்று அவளுக்குத் தோன்றியது வேறு. அவன் குழிக்குள் விழுந்துவிட்டான். படிக்கட்டு அவன் மேல் இடித்துவிட்டது. நான்தான் இடித்தேன்.

நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. காற்று மீட்டரில் எண் ஏறியது, முப்பத்தொன்று, முப்பத்தாறு. நாற்பத்தைந்தைத் தாண்டினால் தொங்கும் பாரம் ஆடும், ஆடினால் சுவரை உடைக்கும். விரல் மரத்தது. இறக்கிவிடு, இறக்கிவிடு என்று உள்ளே ஒன்று கத்தியது. இதே குழியில் முப்பது தடவை இறக்கியிருக்கிறாய், இன்னும் நாலே மீட்டர்தான், இறக்கிவிட்டுக் கீழே ஓடு. கை லீவரை நோக்கிப் போனதை அவளே பார்த்தாள். ஐயோ, அது தன் கை மாதிரியே இல்லை.

இரண்டு கையையும் அக்குள் இடுக்கில் செருகிக்கொண்டு, கண்ணை மீட்டரில் வைத்து, வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். வரிக்கு நாலு தட்டு, பூட்ஸ் காலால்.

"நெஞ்சே நெஞ்சே, என்ன அவசரம் உனக்கு?
நேத்தும் இப்படித்தான், விடிஞ்சுதே எனக்கு.
மூச்சுக்கு யார் வச்சா இந்தக் கடிகாரம்?
மூணே நிமிஷம்தான் உன் அதிகாரம்.
வீட்டுல சொல்லல, வேலையில சொல்லல,
மாத்திரைச் சீட்ட இன்னும் மடிப்புப் பிரிக்கல.
ஏணியில ஏறுறப்ப எண்ணுறேன் படிய,
எவரும் பார்க்கலியே நடுங்குற கைய..."

கீழே அறுபது பேர் கேட்டார்கள். வாக்கி வைத்திருந்த மேஸ்திரி கேட்டார், அவரைச் சுற்றி நின்றவர்கள் கேட்டார்கள், ஆபீஸ் அறையில் இன்ஜினியர் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், வாசலில் காவலாளி கேட்டார். அவளுக்கு மட்டும் தெரியாது. ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்று. மீட்டர் நாற்பத்தொன்று. குரல் உடைந்து உடைந்து வந்தது, ஆனால் வரி விடவில்லை.

மூன்றாவது சுற்றின் பாதியில், அவள் கண்ணுக்கு எட்டும் ஒன்பதாவது மாடி விளிம்பில் ஒரு தலை தெரிந்தது. கைகாட்டி! உயிரோடு! நாய் மாதிரி இரைத்துக்கொண்டு நின்றான். இரண்டு கையையும் விரித்து நிறுத்து என்று காட்டினான். பிறகு பைத்தியக்காரன் மாதிரி தன் தொடையில் ஓங்கி ஓங்கித் தட்டினான்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாக்கியைப் பிடுங்கித் திருப்பினாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாடியது அத்தனையும் கீழே போயிருக்கிறது. தொடையில் தட்டினாள், விளக்கு அணைந்தது, உடனே அவன் குரல் வந்தது. என்ன ஆச்சு என்று கேட்கவில்லை, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, தினமும் சொல்கிற அதே தொனியில் சொன்னான்.

"குழி காலி. நான் இங்கிருந்தே பார்க்கிறேன். இறக்கு, இறக்கு, மெல்ல, இறக்கு, இறக்கு..."

படிக்கட்டு உட்கார்ந்தது. கொக்கி கழன்றது. அவள் ஏணியில் இறங்கினாள், அன்று படியை எண்ணவில்லை.

கீழே கூட்டம். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கைகாட்டியின் குரல் நின்ற விநாடியில் குழிக்குள் இரண்டு பேர் சிக்கிய பலகையை எடுக்கக் குனிந்திருந்தார்கள் என்று மேஸ்திரி சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அவள் காதில் விழாமல் போன சொல் 'நிறுத்து'. அந்த இரண்டு பேரில் ஒருவன் இன்னும் தரையில் உட்கார்ந்திருந்தான்.

இன்ஜினியர் முன்னே வந்தார். "மேலக்கா, நீங்க சொன்னதெல்லாம் கேட்டுச்சு. மாத்திரைச் சீட்டுன்னா என்ன?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கைகாட்டி குறுக்கே பாய்ந்தான். "அட, அது ஏதோ பாட்டு சார்! அக்கா எப்பவும் இப்படித்தான், புரியாத பாட்டா முணுமுணுக்கும். விடுங்க சார்."

யாரோ சிரித்தார்கள். வழி திறந்துதான் இருந்தது. ஆமாம் சார், பாட்டுதான் என்று சொல்லிவிட்டு மத்தியானம் மறுபடி ஏறலாம். கூட்டத்தின் ஓரத்தில் காவலாளி நின்றார். அவர் அவளையே பார்த்தார். சொல்லாதே என்று கெஞ்சுகிற பார்வை. அவள் தன் கையைப் பார்த்தாள். லீவரை நோக்கித் தானாகப் போன கை.

"பாட்டுதான் சார்," என்றாள். "ஆனா எழுதினது நான். அதுல ஒரு வரிகூடப் பொய் இல்ல."

சிரிப்பு நின்றது. இன்ஜினியர் கேபின் சாவிக்காகக் கையை நீட்டினார். டாக்டர் சர்டிபிகேட் இல்லாமல் ஏறக்கூடாது என்றார்.

"கொண்டு வந்தா ஏத்துவீங்களா?"

"பார்க்கலாம்."

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று வாசலில் நிற்கும் மனுஷருக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கும் தெரியும். சாவியைக் கொடுத்துவிட்டு நோட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

கைகாட்டி பின்னாலேயே ஓடி வந்தான். "என்னக்கா நீங்க? நான்தான் அவ்வளவு அழகா பொய் சொன்னேனே."

"அழகாத்தான் சொன்னே. அஞ்சு மாடி ஏறி வந்தியே, படிகூட இல்லாம."

"சாரத்து ஏணியிலதான் ஏறினேன். கழுத்துல வாக்கி தொங்குது, நீங்க பாடுறது கேக்குது." அவன் குரல் இறங்கியது. "எனக்கு ஒரே பயம்தான் அக்கா. எங்கே பாட்டை நிறுத்திடுவீங்களோன்னு. பாட்டு வந்துகிட்டே இருக்கிற வரைக்கும் உங்க கை அசையாதுன்னு தெரியும். நின்னுட்டா என்ன பண்ணுவேன்?"

அவள் அங்கேயே மணல் குவியலில் உட்கார்ந்து அழுதாள். இரண்டு வருஷம். யாருக்கும் கேட்காமல் பாடியதால்தான் தப்பித்தோம் என்று நினைத்திருந்தாள், அடக் கொடுமையே.

அழுது முடித்துச் செல்போனை எடுத்துச் சலூனுக்குப் போட்டாள்.

"கடையைச் சாத்திட்டு வேலையிடத்துக்கு வாங்க. ஒரு விஷயம் சொல்லணும்."

"என்ன ஆச்சு? அடி ஏதாவது பட்டுச்சா?"

அவள் பையைத் திறந்து நோட்டைத் தேடினாள். அந்தப் பக்கம் கத்திரிக்கோல் விழும் சத்தம் கேட்டது.

"ஏய், பேசு! சத்தத்தையே காணோமே. பேசும்மா!"

"பேசுறேன், பேசுறேன். நீங்க வந்து சேர்ற வரைக்கும் பேசுறேன். போனை மட்டும் வைக்காதீங்க."

பின்னட்டையிலிருந்த சீட்டை எடுத்துப் பிரித்து முழங்காலில் வைத்தாள். நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து, முதல் வரியிலிருந்து அவருக்குப் படிக்க ஆரம்பித்தாள்.