கறுப்பு ஒஸ்ரினுக்கு வெள்ளைப் பூச்சு

திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் சூசைப்பிள்ளையைத் தெரியாத ஆளில்லை. ஆனால் அவரைக் கண்டு சந்தோசப்பட்டவர்கள் குறைவு. அவருடைய கறுப்பு ஒஸ்ரின் கார் தெருவில் திரும்பினால் கிழவிகள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். கடைக்கார ஹிஸ்புல்லா "போனது ஆராம்?" என்று வாசலுக்கே வந்துவிடுவான். பாவம் மனுசன், பல நாள் அவர் சும்மா மீன் வாங்கத்தான் போய்க்கொண்டிருப்பார்.

அந்தக் கார் ஒரு வெள்ளைக்காரத் துரையுடையது. ஐம்பத்தேழில் இங்கிலிசுக்காரன் துறைமுகத்துக் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது, அங்கே லொறி ஓட்டிக்கொண்டிருந்த சூசைப்பிள்ளைக்கு வேலையும் போனது. துரை தன் காரை மலிவாகக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். கலியாணம், திருநாள் என்று வாடகைக்கு நாலு ஓட்டம் ஓடலாம் என்பது சூசைப்பிள்ளையின் எண்ணம். நடந்ததோ வேறு. அந்த ஒஸ்ரின் பின்பக்கம் வான் போல நீண்டது. பின்கதவைத் திறந்து சீற்றை மடித்துவிட்டால் ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம். வினையே அதுதான். ஆஸ்பத்திரியில் செத்துப்போன ஒரு கடற்றொழிலாளியை வீட்டுக்குக் கொண்டுவர எந்த வாகனமும் வரமாட்டேன் என்று நின்ற அன்றைக்கு, இவர் போய்ப் பின்கதவைத் திறந்து "ஏத்துங்கோ" என்றார். அவ்வளவுதான், கதை முடிந்தது. அதன் பிறகு ஊரில் யார் கண்ணை மூடினாலும் கோயில் சுவாமியாருக்கு ஒரு ஆள் ஓடும், சூசைப்பிள்ளைக்கு ஒரு ஆள் ஓடும்.

கலியாணத்துக்கு ஒருவரும் கூப்பிடவில்லை. ஒருமுறை பிள்ளைப்பேற்று நோவோடு துடித்த பெண்ணொருத்தி, "செத்தாலும் நான் அந்தக் காரில ஏறமாட்டன்" என்று கத்தி, மாட்டு வண்டிலில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். செத்தால் அதில்தானே ஏறவேண்டும் என்று ஊர் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சூசைப்பிள்ளையும் கூடச் சிரித்தார். வீட்டுக்கு வந்து மனைவி திரேசம்மா போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. அதற்காக அடுத்த சாவீட்டுக்குப் போகாமல் இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. ஏலாது என்று சொல்ல அந்த மனுசனுக்கு வாய் வராது.

அவருக்கு ஒரே மகள், கிறேஸ். அவளுக்குத் திருகோணமலை ரவுணிலிருந்து நல்ல இடமொன்று பேசி வந்தது. மாப்பிள்ளை சிறில், தபால் கந்தோரில் வேலை, குனிந்த தலை நிமிராத பிள்ளை. வீடு வாசல், குணம் எல்லாம் பிடித்துக்கொண்டது. சூசைப்பிள்ளையின் நெஞ்சில்தான் ஒரு முள் தைத்திருந்தது. சிறிலின் தாய் இறந்து கொஞ்சக் காலந்தான். அந்த மனுசியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுபோனதும் இதே கறுப்பு ஒஸ்ரின்தான். அன்றைக்குச் சிறில் முன் சீற்றில் இருந்து, வழி முழுக்கப் பின்பக்கம் திரும்பித் தாயின் காலைப் பிடித்துக்கொண்டே வந்தான். ஒரு சொல் பேசவில்லை. சூசைப்பிள்ளை காரைக் குலுங்காமல் ஓட்டினார். இன்றைக்கு அந்தப் பிள்ளைதான் மருமகன்.

கலியாணத்தன்று வேறு கார் பிடிக்கலாம் என்று சொல்லிப் பார்த்தார். கிறேஸ் விடவில்லை.

"என்ர அப்பா கார் வைச்சிருக்கேக்க நான் ஏன் இன்னொருத்தற்ற காரில போகவேணும்? பள்ளிக்கூடத்தில என்னைப் பிரேதக்காரன்ர மகள் எண்டு சொன்னவளவை எல்லாம் கோயில் வாசலில நிண்டு பாக்கட்டும். நான் இதிலதான் போய் இறங்குவன்."

அவள் அப்படிச் சொன்னதும் மனுசனுக்குக் கண் கலங்கிவிட்டது. மகளை வைத்து அந்தக் காரை ஓட்டிக்கொண்டு கோயிலுக்குப் போக அவருக்கு ஆசை இல்லையா என்ன? இத்தனை பெட்டி ஏற்றிய காரில் ஒரே ஒருமுறை ஒரு மணப்பெண்ணை ஏற்ற வேண்டும், அதுவும் தன் பிள்ளையை. அதற்கு மேல் அவருக்கு ஒரு ஆசையும் கிடையாது. ஆனால் வாசலில் மாப்பிள்ளை நிற்பானே! கலியாண நாளும் அதுவுமாய்த் தாயைக் கொண்டுபோன கார் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றால் அந்தப் பிள்ளையின் மனசு என்ன பாடுபடும்?

"சிறில் தம்பியிட்டயே ஒரு சொல்லுக் கேட்டுப் பாருங்கோவன்" என்றாள் திரேசம்மா.

"உனக்கென்ன விசரே? கலியாணத்துக்கு முன்னம் மாமன் மாப்பிள்ளையோட நேர கதைக்கிறதோ? எல்லாம் பெரியதாய் மூலந்தானே."

வழக்கம் அப்படித்தான் இருந்தது. தாயில்லாத சிறிலுக்காகப் பேசியவள் அவன் தாயின் அக்கா, பெரியதாய் பாக்கியரத்தினம். அவளிடம் பேச்சுக் கொடுத்தால் அது எங்கே போய் முடியுமோ என்று சூசைப்பிள்ளைக்குப் பயம். அதனால் கேட்கவேயில்லை. காரின் நிறத்தையே மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தார்.

ரவுணில் கார் திருத்தும் கராச்சில் கேட்ட கூலிக்கு இன்னொரு கலியாணம் செய்யலாம். சரி, வீட்டிலேயே பூசுவோம் என்று கிண்ணியாவுக்குப் போய், வள்ளம் கட்டும் முனாப்பைப் பிடித்தார். இரண்டு பேரும் தளத்தில் ஒன்றாக வேலை செய்தவர்கள். முனாப் வள்ளங்களுக்குப் பூசி மிஞ்சிய வெள்ளைப் பெயின்ற்றைத் தகரப் பேணி பேணியாகச் சேர்த்துக் கொடுத்தான். "மெல்லிசா மெல்லிசாப் பூசுங்க, சூசண்ணன். அவசரப்படாதீங்க" என்று சொல்லியும் அனுப்பினான்.

தவக்காலத்தில் கோயிலில் கலியாணம் இல்லை. உயிர்த்த ஞாயிறு கழிந்துதான் நாள் வைத்திருந்தார்கள். காய்வதற்குத் தாராளமாய் நாள் இருக்கிறது என்று தவக்காலம் தொடங்கு முன்னமே சூசைப்பிள்ளை வேலையில் இறங்கினார். முற்றத்தில் பழைய கப்பல் பாயொன்றைக் கூரையாகக் கட்டிக் காரை அதன் கீழே விட்டார். புழுதி பறக்காமல் நிலத்துக்குத் தண்ணீர் தெளித்தார். கண்ணாடிகளுக்குக் கோதுமை மாப்பசையால் பேப்பர் ஒட்டினார். கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றிச் சாண்ட்பேப்பரால் காரைத் தேய் தேய் என்று தேய்த்தார். நல்லாய்க் கழுவிக் காயவிட்டுப் பிறகு பிறஷ் எடுத்தார். தேய்த்துத் தேய்த்துக் கை விரல் தோல் உரிந்ததைத் திரேசம்மா கண்டு ஏச, "பிள்ளை ஏறப்போற கார் எல்லே" என்றார். வெள்ளை வெளேரென்று கார் நின்றபோது கிறேஸ் கைகொட்டிச் சிரித்தாள். கிழவிகள்கூட வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள், ஒருத்தியும் சிலுவை போடவில்லை.

உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய பெரிய கிழமை வந்தது. கூடவே கொப்புளமும் வந்தது. முதலில் முன்பக்கப் பொனற்றில் சின்னதாய் ஒன்று. பிறகு கொப்புளிப்பான் போட்ட பிள்ளையின் முதுகைப்போலக் கார் முழுக்கப் பொங்கிவிட்டது. நகத்தால் ஒன்றைக் கிள்ளினார். சொட்டுத் தண்ணீர் வந்தது, அடியில் அதே கறுப்பு. ஐயோ, மாதாவே என்று அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

ஆள் அனுப்பி முனாப்பைக் கூப்பிட்டார். முனாப் வந்து சுற்றிப் பார்த்தான். "கழுவின தண்ணி எது?" என்று கேட்டான்.

"எங்கட கிணத்துத் தண்ணி. வேற என்ன?"

முனாப் வாளியில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தான். முகம் சுழித்தான். "சூசண்ணன், இது உப்பு! பெயின்ற்றுக்கு அடியில உப்பை வெச்சுப் பூசியிருக்கீங்க."

"உப்போ? நான் பிறந்த நாள் தொட்டுக் குடிக்கிற தண்ணி இது. இதில எங்க உப்பு?"

அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. உப்புவெளியில் பிறந்து, அந்தக் கிணற்றிலேயே குடித்து வளர்ந்த நாக்குக்கு உப்பு எது, தண்ணீர் எது? திரேசம்மாவும் ஒரு மிடறு குடித்துப் பார்த்து, "நல்ல தண்ணிதானே" என்றாள். முனாப் தலையில் அடித்துக்கொண்டான்.

ரவுணிலிருந்து பீப்பாயில் நல்ல தண்ணீர் வந்தது. சுரண்டினார்கள், கழுவினார்கள். மறுபடி மெல்லிசாய்ப் பல தடவை பூச நாளுமில்லை, பொறுமையுமில்லை. கறுப்புத் தெரிந்துவிடக்கூடாது என்ற பயத்தில், முனாப் போன பிறகு சூசைப்பிள்ளை கனமாக அப்பிவிட்டார். மேலே காய்ந்தது. உள்ளே பச்சையாகவே கிடந்தது.

கலியாணத்தன்று காலையில் பெண்ணைக் கூட்டிப்போகப் பாக்கியரத்தினம் ஒரு காரில் வந்து இறங்கினாள். ஒஸ்ரின் பொனற்றில் ரிபன் கட்டி நின்றது. வெள்ளை உடுப்பும் முகத்திரையுமாய்க் கிறேஸ் வெளியே வந்து கதவில் கை வைத்தாள். ரிபன் கொஞ்சம் கோணலாய் இருக்கிறதே என்று சூசைப்பிள்ளை அதை இழுத்தார். ரிபனோடு சேர்ந்து பெயின்ற்றும் பாலாடை போல் உரிந்து வந்தது. பொனற்றின் குறுக்கே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் கறுப்பு.

பாக்கியரத்தினம் கிட்ட வந்தாள். சண்டை பிடித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு மெல்லத்தான் சொன்னாள். "அண்ணை, உங்கட பிள்ளை, உங்கட விருப்பம். ஆனா என்ர தங்கச்சி போன கார் இது. அவன் பாவம், தாயில்லாப் பிள்ளை."

"நான் இதிலதான் ஏறுவன்" என்றாள் கிறேஸ்.

"வேண்டாம், பிள்ளை."

"அப்பா, கறுப்பெண்டா என்ன? நான் ஏறுறன்."

"கையை எடு எண்டுறன்!"

வாழ்க்கையில் ஒருநாளும் அவர் அவளை அப்படி அதட்டியதில்லை. அவள் கையை எடுத்துவிட்டு அழுதுகொண்டே பாக்கியரத்தினத்தின் காருக்குப் போனாள். அவரும் அதன் பின் சீற்றில் மகளுக்குப் பக்கத்தில் ஏறினார். இன்னொருவன் ஓட்டும் காரில் இருந்து அவருக்குப் பழக்கமில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டு கோயில் வரைக்கும் போனார்.

கலியாணம் குறைவில்லாமல் முடிந்தது. வீட்டுப் பந்தலில் சாப்பாடு நடந்தபோது சூசைப்பிள்ளை மட்டும் முற்றத்து ஓரத்துக்குப் போய்க் காருக்குப் பக்கத்தில் நின்றார். சிறில் அவரைத் தேடி அங்கேயே வந்துவிட்டான். இனி மருமகன், நேரே கதைக்கலாம்.

"மாமா, ஏன் உங்கட காரில வரேல்லை?"

சிறில் பொனற்றைப் பார்த்தான், கறுப்பைப் பார்த்தான், கீழே கிடந்த பேணிகளைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது.

"எனக்காகவோ பூசினீங்கள்?"

"தம்பிக்கு அம்மான்ர ஞாபகம் வந்து..."

"அம்மாவோட நான் கடைசியா இருந்தது இதிலதானே, மாமா. நீங்கள் எவ்வளவு மெதுவா ஓட்டினீங்கள் எண்டு எனக்குத் தெரியும். இண்டைக்குக் கிறேஸ் இதில வந்து இறங்கினா அம்மாவும் கூட வந்த மாதிரி இருக்கும் எண்டுதான் வாசலிலயே பாத்துக்கொண்டு நிண்டனான். வேற கார் வந்து நிக்க, எனக்கு என்னவோ போல போச்சு."

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, தம்பி!"

"கலியாணத்துக்கு முன்னம் மாமனோட நேர கதைக்கக்கூடாதெண்டு பெரியம்மா சொன்னவ."

சூசைப்பிள்ளை ஓவென்று அழுதார். எத்தனையோ சாவீட்டு வாசலில் அழாமல் நின்ற மனுசன், பொனற்றில் கையை ஊன்றி, காயாத வெள்ளை உள்ளங்கையெல்லாம் ஒட்ட, குலுங்கிக் குலுங்கி அழுதார். பெற்ற மனசு, பிள்ளையைப் பிரிகிற துக்கம் என்று பந்தலில் இருந்த பெண்டுகள் சொன்னார்கள். சத்தம் கேட்டுக் கிறேஸ் முகத்திரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"என்னப்பா? என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை, பிள்ளை" என்றார் சூசைப்பிள்ளை. "நீ இதில வந்திருக்கலாம்."