நிற்காமல் போன வண்டிகள்

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ஷார்ஜாவிலிருந்து தைத் என்ற சிறு நகரம் வழியாகக் கல்பா கடற்கரைக்குப் போகும் சாலையில் நடந்தது இது. இன்னும் ஆறாத கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. கணவரும் நானும் அஜ்மானில் குடியிருக்கிறோம். இருவருக்கும் துபாயில் வேலை. கல்லூரிக் காலத்தில் அண்ணனுடைய வண்டியை அவனுக்குத் தெரியாமல் எடுத்து ஓட்டிப் பழகிய ஆசை, இங்கே வந்து முறையாக லைசென்ஸ் எடுத்து, சிவப்பு நிறத்தில் ஒரு ரேஸ் பைக் வாங்குவதில் வந்து நின்றது. பெட்ரோல் டேங்க் மேல் குப்புறப் படுத்த மாதிரி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. ஓட்டும்போது உலகமே நமக்கு வழிவிடுகிற மாதிரி இருக்கும். இறங்கிய பிறகுதான் மணிக்கட்டும் கழுத்தும் நம்மிடம் பேச ஆரம்பிக்கும்.

நாலைந்து வருடம் அப்படி ஓட்டியதில் கழுத்து டிஸ்க் பிதுங்கிவிட்டது. இடது கை விரல்கள் மரத்துப் போயின. நறுக்கும்போது பிடித்திருக்கும் வெங்காயம் நழுவி விழும். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "ஒன்று வண்டியை விடுங்கள், இல்லை உட்காரும் விதத்தை மாற்றுங்கள்" என்றார். விட மனம் வரவில்லை. மாற்றுவது என்று முடிவு செய்தேன். முதுகை நிமிர்த்தி, கையை இயல்பாக நீட்டி, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி ஓட்டும் உயரமான வண்டி ஒன்றைப் பார்க்கப் போனோம்.

அங்கேயே எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. ஷோரூமில் இருந்தவர் என் முகத்தையே பார்க்கவில்லை. சீட்டு உயரம், மைலேஜ், சர்வீஸ் என்று எல்லாவற்றையும் என் கணவரிடமே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கொஞ்ச நேரம் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, "எனக்கு சைக்கிளே ஒழுங்கா ஓட்ட வராதுங்க, அவங்ககிட்ட பேசுங்க" என்று சொன்ன பிறகுதான் நான் ஒருத்தி நிற்பது அவருக்குத் தெரிந்தது.

அதைவிட மோசம் எங்கள் பைக் குரூப். வார விடுமுறையில் சேர்ந்து ஓட்டுகிற தமிழர்கள். பெண் நான் ஒருத்திதான். முன்னால் வழிகாட்டிப் போகிறவரை எல்லோரும் 'கேப்டன்' என்று கூப்பிடுவோம். புது வண்டியின் படத்தைக் குரூப்பில் போட்டதும் ஆரம்பித்துவிட்டார்கள். "அக்கா, பால் கேன் மாட்ட கொக்கி இருக்கா?" என்று ஒருவர். "வயசாயிருச்சுன்னு அக்கா ஒத்துக்கிட்டாங்க" என்று இன்னொருவர். கேப்டன், "பின்னாடியே வாங்க மேடம், உங்களுக்காக நாங்க ஸ்லோ பண்ண முடியாது" என்றார். சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. நானும் ஒன்று போட்டேன். கோபத்தைக் காட்டினால், "அக்காவுக்கு ஜோக்கே புரியாது" என்பார்கள் அல்லவா, அதற்காக.

அந்தச் சனிக்கிழமை புது வண்டியில் முதல் நீண்ட பயணம். முதல் சர்வீஸ் முடியும்வரை வேகமாக ஓட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் கேப்டன் சொன்னபடியே கடைசியில் போனேன். உண்மையில் சந்தோஷமாகத்தான் இருந்தது. கழுத்து வலிக்கவில்லை. தலையைத் திருப்பி ஒட்டகங்களைப் பார்க்க முடிந்தது. அத்தனை முறை போன சாலையில் பேரீச்சந்தோட்டங்கள் இருக்கின்றன என்பதே அன்றுதான் தெரிந்தது.

தைத் நகரைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில், நேரான சாலையில், முன்னால் போகிறவர்கள் எல்லோரும் என் கண்ணுக்குத் தெரிந்தார்கள். திடீரென்று கேப்டன் வலது காலை வெளியே நீட்டினார். பைக் ஓட்டுகிறவர்களுக்குள் அது ஒரு சைகை. சாலையில் அந்தப் பக்கம் ஏதோ கிடக்கிறது, ஒதுங்கி வா என்று அர்த்தம். அவருக்குப் பின்னால் வந்தவரும் காலை நீட்டினார். அதற்குப் பின்னால் வந்தவரும். ஒவ்வொருவராகக் காலை நீட்டி, அழகாக இடது பக்கம் வளைந்து, மறுபடி நேராகி, உறுமிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் பக்கத்தில் வந்தபோது பார்த்தேன். ஒரு டெலிவரி பைக். சாலையோர மஞ்சள் கோட்டின் மேல் பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. பின்னால் இருக்கும் சாப்பாட்டுப் பெட்டி உடைந்து, ரொட்டியும் குழம்பும் ரோட்டில் சிதறியிருந்தன. ஓட்டியவர் இல்லை.

வண்டியை ஓரம் கட்டும்போதே இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம், மணல் சரிவில், ஒரு கை மேலே எழுந்து விழுவதைப் பார்த்தேன். உயரமாக உட்கார்ந்திருந்ததால் தடுப்புக்கு மேலாகத் தெரிந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன்.

அவர் பாகிஸ்தான்காரர் என்று பிறகு தெரிந்தது. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஏதோ வண்டி பின்னாலிருந்து இடித்துத் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருக்கிறது. ஒரு கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. எழுந்திருக்கப் பார்த்தார். "பாய், ஹில்னா மத்" என்று கத்தினேன். அசையாதே என்றுதான் சொல்ல வந்தேன், சண்டை போடுகிற மாதிரி வெளியே வந்தது. அடிபட்டவரின் ஹெல்மெட்டைத் தொடக் கூடாது என்று ஆபீஸில் எடுத்த முதலுதவி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதைத் தவிர மற்ற எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஆம்புலன்ஸுக்கு போன் செய்துவிட்டு, என் பைக் ஜாக்கெட்டைக் கழற்றி விரித்து அவர் முகத்தில் வெயில் விழாமல் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு உட்கார்ந்தேன். கார்கள் போய்க்கொண்டே இருந்தன. நின்ற ஒன்றிரண்டும் ஜன்னலை இறக்கிப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பின.

அப்போது மணலில் கிடந்த அவருடைய போன் அடித்தது. அவர் கண்ணால் அதைக் காட்டி, "கஸ்டமர், கஸ்டமர்" என்றார். எடுத்தேன். ஓர் அரபுக்காரரின் குரல். எவ்வளவு நேரம் காத்திருப்பது, சாப்பாடு எங்கே என்று ஆங்கிலத்தில் சத்தம் போட்டார். அவ்வளவுதான். ஷோரூமில் அடக்கியது, குரூப்பில் சிரித்து மறைத்தது, காலை நீட்டிவிட்டுப் போனவர்களிடம் கேட்க முடியாதது எல்லாம் சேர்ந்து அந்த முகம் தெரியாத மனிதர் மேல் கொட்டிவிட்டது. உன் சாப்பாடு ரோட்டில் கிடக்கிறது, அதைக் கொண்டுவந்தவனும் ரோட்டில் கிடக்கிறான், வேண்டுமென்றால் வந்து பொறுக்கிக்கொள் என்று கத்தினேன். அவர் தாழ்ந்த குரலில், எந்த இடம் என்று மட்டும் கேட்டார்.

வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். ஆம்புலன்ஸுக்கு முன்னால் வந்தார். வெள்ளை அங்கியோடு ஐம்பது வயது மனிதர், பெரிய காரில் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். காரைக் குறுக்கே நிறுத்தி எச்சரிக்கை விளக்கைப் போட்டார். மற்ற வண்டிகளைக் கையைக் காட்டி ஒதுக்கினார். ஆம்புலன்ஸ்காரர்களிடம் போனில் அரபியில் பேசி, எந்தத் திருப்பத்தில் வர வேண்டும் என்று சொன்னார். அந்த அம்மா தன் கறுப்புத் துப்பட்டாவை ஜாக்கெட்டோடு சேர்த்துப் பிடித்து நிழலை அகலமாக்கினார். அடிபட்டவர், அந்த நிலையிலும், அந்த மனிதரைப் பார்த்து, "சாரி சார், ஆர்டர் லேட்" என்றார். அவர் மணலில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹலாஸ், ஹலாஸ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போதும், விடு என்று. அவர் கண் கலங்கியிருந்தது. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் அதை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் கிளம்பி, போலீஸ் என்னிடம் மரியாதையாக விவரம் கேட்டு முடித்தபோது என் போன் அடித்தது. குரூப்பில் ஒருவர். "எங்கக்கா இருக்கீங்க? பரோட்டா ஆறுது" என்றார். பின்னால் சிரிப்புச் சத்தம். வந்துகொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கல்பாவில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு டீக்கடை. வண்டிகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து முடித்திருந்தார்கள். என் ஜாக்கெட்டில் இருந்த இரத்தத்தைப் பார்த்ததும் எல்லோரும் பதறி எழுந்தார்கள். "விழுந்துட்டீங்களா மேடம்?" என்றார் கேப்டன்.

"நான் விழல. நீங்க காலை நீட்டிக் காட்டினீங்களே, அவர்தான் விழுந்து கெடந்தார்" என்றேன்.

கேப்டன், "வண்டி கெடந்ததுதான் தெரிஞ்சது. ஆள் இருந்தது தெரியாது" என்றார்.

"வண்டி தானா ஓடி வந்தா விழும்? ஓட்டினவர் எங்கேன்னு ஒருத்தருக்கும் தோணலையா?"

"யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சோம்க்கா" என்றார் இன்னொருவர். வேறொருவர் மெதுவாக, "இங்க போலீஸ் கேஸுன்னா எவ்ளோ சிக்கல் தெரியுமா? விசா, வேலை எல்லாம் இருக்குல்ல" என்றார். கேப்டன் கடைசியாகச் சொன்னதுதான் என்னை உடைத்தது. "குரூப்போட சேஃப்டி என் பொறுப்பு. நடு ஹைவேல எல்லாரையும் நிறுத்த முடியாது."

"நீங்க ஒருத்தர் நின்னிருந்தா போதும்" என்றேன். "ஒங்கள்ல ஒருத்தர் விழுந்து கெடந்து, பின்னாடி வர்றவன் காலை நீட்டிட்டுப் போனா, ஒங்க வீட்ல இருக்கிறவங்க கிட்ட இதே மாதிரி சேஃப்டின்னு சொல்லலாமா?"

கடைக்காரர் உட்பட எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒருவர், "அக்கா டென்ஷன்ல இருக்காங்க, தண்ணி குடுங்க" என்றார். தண்ணீர் குடிக்காமல் திரும்பி வந்துவிட்டேன். வழியிலேயே குரூப்பிலிருந்து விலகினேன்.

வீட்டில் சொன்னபோது கணவர் முழுவதும் கேட்டார். ஜாக்கெட்டை அவரே ஊற வைத்தார். ஆனால், "அவங்களும் பயந்திருப்பாங்க, விடும்மா" என்றார். அவர் மேலும் கோபம் வந்தது. ஒரு விரல் கூட அசைக்காதவர்களுக்குப் பரிந்து பேச மட்டும் எல்லோருக்கும் வார்த்தை இருக்கிறது. வேறு சிலர், பழைய பைக்கில் போயிருந்தால் நீயும்தான் பார்த்திருக்க மாட்டாய் என்றார்கள். கையைப் பார்த்திருக்க மாட்டேன். வண்டியைப் பார்த்திருப்பேன். அது போதாதா?

அடுத்த வாரம் நானும் கணவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காலில் கம்பி வைத்திருந்தார்கள். பிழைத்துவிட்டார், நடப்பார் என்றார்கள். அந்த அரபுக்காரர் இரண்டு முறை வந்து பார்த்ததாகவும், வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்ததாகவும் அடிபட்டவர் சொல்லிச் சிரித்தார். "இப்போது அவர் எனக்கு டெலிவரி செய்கிறார்" என்றார். பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரித்தார்கள்.

கிளம்பும்போது தயங்கி, அன்றைக்கு முன்னால் போன பைக்குகள் உங்கள் ஆட்களுடையவையா என்று ஹிந்தியில் கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். மணலில் கிடந்தபோது சத்தம் கேட்டதாம். பெரிய பெரிய பைக்குகளின் சத்தம் தூரத்திலிருந்து நெருங்கும்போது, பைக் ஓட்டுகிறவர்கள், நம்மைப் போன்றவர்கள், கட்டாயம் நிற்பார்கள் என்று நினைத்தாராம். ஒன்று போனதும் அடுத்தது நிற்கும் என்று நினைத்தாராம். அதுவும் போனதும் அதற்கடுத்தது. என் வண்டி வந்த சத்தமே கேட்கவில்லையாம். எல்லாம் போய்விட்டது என்று கண்ணை மூடிய பிறகுதான் நான் கத்தியது கேட்டதாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபமே இல்லை. "பரவாயில்லை பாஜி, அவர்களுக்கு ஏதாவது அவசரம் இருந்திருக்கும்" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். பாஜி என்றால் அக்கா.

அவசரம் பரோட்டாவுக்கு என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

இப்போதும் வார விடுமுறையில் தனியாக ஓட்டிக்கொண்டு போகிறேன். கழுத்து வலி போய்விட்டது, விரல்களும் சரியாகிவிட்டன. பழைய குரூப்பில் இரண்டு பேர் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினார்கள், நானும் பதில் அனுப்பினேன். கோபத்தை மனதில் வைத்துக்கொள்வது உடம்புக்கு ஆகாது என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். மணலில் கிடந்த ஒரு மனிதர் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் ஒரு தடவை நம்பி ஏமாந்தார் என்பதை நினைக்கும்போது, அவருக்கு வராத கோபத்தை அவருக்காக நானாவது ஆற விடாமல் வைத்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.