பாதிக் குழி

சாக்குக்கட்டியால் குழியின் நடுவே கோடு கிழித்துக்கொண்டிருந்தார் ரெழிஸ் லம்பான். கோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் மாவட்டம், அந்தப் பக்கம் அடுத்த மாவட்டம். பாரிஸ்காரர்களுக்கு இரண்டும் ஒரே புறநகர்தான். மாவட்டச் சாலைத் துறையில் முப்பத்தோரு வருடம் தார் போட்ட மனிதரிடம் அப்படிச் சொல்லிவிட முடியாது. தன் பாதியை நிரப்பி, தட்டிச் சமன் செய்து, கோட்டோடு நிறுத்திவிடுவார். மீதிப் பாதி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்.

ஆள் குள்ளம், மீசை பெரிது. மாவட்ட முத்திரை போட்ட ஆரஞ்சுச் சட்டை இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. மாவட்டத்தின் நாற்பத்து மூன்று நகராட்சிகளையும் ஆறு ஓடும் வரிசையில் ஒப்பிப்பார், என் காப்பிக் கடையில் யாரும் கேட்காமலே. எதிர்ச்சாரியில் ரொட்டி வாங்கமாட்டார். "அது வெளியூருங்க" என்பார். பன்னிரண்டு அடி தூரம்.

சட்டையை வெளுக்கப் போட மட்டும் வாராவாரம் எல்லை தாண்டுவார். அங்கே சலவைக்கடை வைத்திருக்கும் இவெத் கணவரை இழந்தவர்; ரெழிஸும் மனைவியை இழந்து ஏழு வருடமாகிறது. தெருவுக்கே தெரிந்த கதை, அவர் வாய்தான் திறக்கவில்லை.

போன மாதம் இதே குழியின் அந்தப் பக்கத்தில் இவெத்தின் கால் சுளுக்கிக்கொண்டது. தன் மாவட்டத்துக்கு மூன்று கடிதம் போட்டார். 'பரிசீலனையில் உள்ளது' என்று மூன்று பதில் வந்தது. இன்று நொண்டிக்கொண்டே கடை வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏங்க, என் கால் எந்த மாவட்டத்துல சுளுக்குச்சுன்னு கோடு போட்டுப் பாத்தீங்களா?"

"மதாம், என் கை அங்க வரக் கூடாது. அவங்க ஆளுங்க வருவாங்க."

"நல்லா வருவாங்க! கடுகு போட்டு முயல் சமைச்சிருக்கேன். குழிய மூடுற ஆளுக்குத்தான் சாப்பாடு. இல்லேன்னா இனிமே சட்டையைக்கூட இங்க கொண்டாராதீங்க."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. ரெழிஸின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"மாவட்டத் தாரை அங்க எப்படிங்க கொட்டுறது? நம்ம ஜனங்க வரிப்பணமாச்சே" என்று முனகினார்.

"முயல் ஆறிடும், ரெழிஸ்" என்றேன்.

மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. வேலைக்கு இடைவேளை. மாவட்ட லாரியைப் பூட்டிவிட்டு, பக்கத்துச் சந்தில் நின்ற தன் சொந்தக் காரைத் திறந்து காய்ச்சாமலே கொட்டும் தார்க்கலவை மூட்டை ஒன்றை இறக்கினார். மாவட்டத்துடையது இல்லை, கடையில் வாங்கியது. மேலே படிந்திருந்த தூசியைப் பார்த்தால் வாங்கி மூன்று வாரமாவது இருக்கும்.

பிறகு ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி எங்கள் பக்கத்து விளக்குக் கம்பத்தில் மாட்டினார். முத்திரை தெருவைப் பார்க்காதபடி சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மண்வெட்டியோடு கோட்டைத் தாண்டினார்.